வெகுமதிப் புள்ளிகளின் விலை

திருச்சியில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றுக்குக் கடந்த மாதம் குளிர்பதனப் பெட்டி வாங்கச் சென்றிருந்தேன். பணம் செலுத்தும் இடத்துக்கு அருகே சிறிய மேசை போட்டு, வங்கி ஒன்றின் கடன் அட்டைக்கு ஆள் சேர்க்கும் இளைஞர் அமர்ந்திருந்தார். "சார், இந்த கார்டு வாங்கினால் 5 சதவீதம் திரும்பக் கிடைக்கும், வாழ்நாள் முழுவதும் கட்டணம் கிடையாது" என்றார். எந்தெந்தச் செலவுக்கு 5 சதவீதம், மாதத்துக்கு எவ்வளவு உச்சவரம்பு, ஒரு புள்ளிக்கு எத்தனை காசு, அந்தப் புள்ளி எத்தனை நாள் செல்லும் என்று நான்கு கேள்விகள் கேட்டேன். கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை சார்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது உண்மை. குளிர்பதனப் பெட்டிக்கு நட்சத்திரக் குறியீடு எத்தனை, ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் இழுக்கும் என்று விசாரிக்கும் நாம், கடன் அட்டையை அதன் நிறத்தையும் பெயரையும் பார்த்து வாங்கிவிடுகிறோம். நாட்டில் புழக்கத்தில் உள்ள கடன் அட்டைகளின் எண்ணிக்கை 10 கோடியைத் தாண்டிவிட்டது. அவற்றில் வெகுமதிப் புள்ளியோ, கேஷ்பேக் எனப்படும் பணத் திருப்பமோ, விமான நிலைய ஓய்வறை அனுமதியோ தருவதாகச் சொல்லாத அட்டை அரிது. எனவே, வெகுமதி தரும் அட்டை எது என்பதல்ல கேள்வி. அந்த வெகுமதி யாருடைய பணம், அதில் நமக்கு உண்மையில் வந்து சேர்வது எவ்வளவு என்பதே கேள்வி.

கடன் அட்டையின் வரலாற்றில் வெகுமதி என்பது பின்னால் வந்த சேர்க்கை. 1950-இல் அமெரிக்காவில் டைனர்ஸ் கிளப் அட்டை அறிமுகமானபோது, கையில் பணம் இல்லாமலேயே உணவகத்தில் சாப்பிடலாம் என்பதே அதன் கவர்ச்சி. இந்தியாவில் 1980-இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா முதல் அட்டையை வெளியிட்டபோதும் அதுவே நிலைமை. 1981-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அடிக்கடி பயணிப்போருக்குப் பறந்த தொலைவைக் கணக்கிட்டுச் சலுகை தரத் தொடங்கியது. 1986-இல் வந்த டிஸ்கவர் அட்டை, செலவழித்த தொகையில் ஒரு சிறு பங்கைத் திருப்பித் தந்தது. அதன் பிறகு எல்லோரும் அந்த வழியில் இறங்கிவிட்டனர். அட்டைகள் ஒன்றுபோல் ஆகிவிட்ட சந்தையில், போட்டியாளரிடமிருந்து வேறுபடுத்திக் காட்ட வங்கிகளுக்குக் கிடைத்த எளிய கருவி புள்ளிகள்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? முதலாவது ஊற்று வணிகர். நாம் அட்டையைத் தேய்த்து 1,000 ரூபாய் செலுத்தினால், கடைக்காரருக்கு ஏறக்குறைய 980 ரூபாய்தான் சேரும். மிச்சம் கட்டணமாகக் கழிக்கப்படும். அதில் பெரும் பங்கு அட்டை வழங்கிய வங்கிக்கு. அதிலிருந்து ஒரு பகுதியே நமக்குப் புள்ளியாக வருகிறது. கடைக்காரர் அந்தச் செலவைப் பொருளின் விலையில் சேர்த்துவிடுவதால், ரொக்கம் கொடுத்து வாங்குபவரும் அதே கூடிய விலையைத் தருகிறார். ஆனால் அவருக்குப் புள்ளி கிடையாது. அமெரிக்காவில் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010-இல் இதைக் கணக்கிட்டனர். ரொக்கத்தைப் பயன்படுத்தும் குடும்பம் ஒன்று சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை இழக்கிறது. அட்டையைப் பயன்படுத்தும் குடும்பம் ஒன்று 1,133 டாலரைப் பெறுகிறது என்பது அவர்களின் மதிப்பீடு. ஏழையிடமிருந்து வசதி படைத்தவருக்குச் சத்தமில்லாமல் நடக்கும் பணமாற்றம் இது.

இரண்டாவது ஊற்று, நிலுவை வைப்போர் கட்டும் வட்டி. அமெரிக்கக் கடன் அட்டைகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான மற்றொரு ஆய்வு, விவரம் அறிந்து உரிய நாளில் முழுத் தொகையைச் செலுத்துவோர் பெறும் வெகுமதிக்கு, விவரம் அறியாமல் கடனைச் சுமப்போர் கட்டும் வட்டியே ஆதாரம் என்று காட்டியது. ஆண்டுக்கு 1,500 கோடி டாலர் இவ்வாறு கல்வி குறைந்த, வருவாய் குறைந்த பகுதிகளிலிருந்து மற்றவர்களிடம் செல்வதாக அதன் கணிப்பு.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல், கடன் அட்டைப் பரிவர்த்தனைக்காக வங்கிகளுக்கு இடையே கைமாறும் கட்டணத்தை 0.3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பிட்டது. ஆஸ்திரேலியா 2003-லேயே இதுபோன்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. இரு இடங்களிலும் வெகுமதிகள் மெலிந்தன. ஊற்றை அடைத்தால் வாய்க்காலில் நீர் குறையும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். நம் நாட்டில் கடன் அட்டைக்கு அத்தகைய வரம்பு இல்லை. யுபிஐ, ரூபே டெபிட் அட்டை ஆகியவற்றுக்கு 2020 ஜனவரி முதல் வணிகர் கட்டணமே இல்லை. யுபிஐ மூலம் செலுத்தும்போது வங்கி நமக்குப் பெரிதாக எதையும் தராததும், கடன் அட்டையை எடுக்கச் சொல்லி வற்புறுத்துவதும் ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

எனக்கு இந்த விவகாரம் ஏட்டுக் கணக்காக இருந்தது, சில மாதங்களுக்கு முன்பு வரை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். என் அட்டைக் கட்டணம் ஒருநாளும் தவறியதில்லை. ஆண்டுதோறும் மூன்று, நான்காயிரம் ரூபாய் திரும்பி வருவதில் ஒரு சிறு பெருமிதமும் உண்டு. (ஒருமுறை மூன்று ஆண்டுப் புள்ளிகளைச் சேர்த்துவைத்து, காலாவதியான மறுநாள் கணக்கைத் திறந்து பார்த்த கதையும் உண்டு; அதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.) ஒரு நாள் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். துணிக்கடை ஒன்றில் மேற்பார்வையாளர். மூன்று கடன் அட்டைகளின் அறிக்கைகளை மேசைமேல் வைத்து, "சார், மாதம் தவறாமல் கட்டுகிறேன், ஆனால் கடன் குறையவே இல்லை" என்றார். மூன்றிலும் சேர்த்து 1,20,000 ரூபாய் நிலுவை. ஓராண்டாக அவர் கட்டியது குறைந்தபட்சத் தொகையும், சில மாதங்களில் அதற்குச் சற்றுக் கூடுதலும். என்னுடைய மூவாயிரம், நான்காயிரத்தின் ஊற்று எங்கே இருக்கிறது என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

அட்டையைத் தேர்ந்தெடுக்க நினைக்கும் எவரும் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுவே: ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையையும் கெடு நாளுக்குள் என்னால் கட்ட முடியுமா? முடியாது என்றாலோ, சில மாதங்களில் முடியாமல் போகலாம் என்றாலோ, வெகுமதிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதே வீண். எளிய கணக்கு ஒன்று போதும். பல அட்டைகளில் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம் அல்லது அதற்கு மேல். ஆண்டுக்கு 42 சதவீதம். 50,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டி 1,750 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 315 ரூபாய். ஆக, 2,065 ரூபாய். அதே 50,000 ரூபாய்ச் செலவுக்கு 1 சதவீத வெகுமதி தரும் அட்டையில் கிடைப்பது 500 ரூபாய். ஒரே ஒரு மாதம் நிலுவை வைத்தால், நான்கு மாதப் புள்ளிகள் போய்விடும். போதாக்குறைக்கு, பழைய நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இது பலருக்குத் தெரிவதில்லை. என் மாணவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

'குறைந்தபட்சத் தொகை' என்ற சொல்லே ஏமாற்றக்கூடியது. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் மதிப்பெண்ணில் உடனடிக் கறை விழாது. அவ்வளவுதான். நிலுவையில் 5 சதவீதத்தைக் குறைந்தபட்சத் தொகையாகக் கேட்கும் அட்டையில், மாதம் 3.5 சதவீத வட்டியும் அதன்மீது வரியும் போனால், அசலில் கழிவது 1 சதவீதத்தை ஒட்டிய தொகை மட்டுமே. புதிதாக ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இருந்தாலும் கடன் பாதியாகக் குறைய 5 ஆண்டுகளுக்கு மேலாகும்.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற வழக்கு நெடுங்காலம் நடந்தது. 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அத்தீர்ப்பை ரத்து செய்தது. வட்டி விகிதத்தை நெறிப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை. நுகர்வோர் ஆணையத்தின் அதிகார எல்லைக்குள் அது வராது என்ற அடிப்படையில் வந்த தீர்ப்பு அது. சட்டத்தின் பார்வையில் அது சரியாக இருக்கலாம். ஆனால், ரிசர்வ் வங்கி குறிப்பிட்ட உச்சவரம்பு எதையும் விதிக்காத நிலையில், 42 சதவீதத்தைச் சுமப்பவருக்கு அதனால் கிடைக்கும் ஆறுதல் எதுவும் இல்லை.

முழுத் தொகையையும் கட்டும் பழக்கம் உள்ளவருக்கே அடுத்த படி. புள்ளிகளை ரூபாயாக மாற்றிப் பார்ப்பதுதான் அது. ஓர் அட்டை 100 ரூபாய்க்கு 4 புள்ளிகள் தருகிறது. ஒரு புள்ளி 20 காசு. இதன் உண்மை மதிப்பு 0.8 சதவீதம். இன்னொன்று 150 ரூபாய்க்கு 2 புள்ளிகளே தருகிறது. ஆனால் ஒரு புள்ளி 1 ரூபாய். இதன் மதிப்பு 1.33 சதவீதம். விளம்பரத்தில் முதல் அட்டையே தாராளமாகத் தோன்றும். அதே புள்ளிக்குப் பொருள் வாங்கினால் ஒரு மதிப்பு, விமானச் சீட்டு வாங்கினால் வேறொரு மதிப்பு, அறிக்கைத் தொகையில் கழித்துக்கொண்டால் அதைவிடக் குறைந்த மதிப்பு என்று வைத்திருப்பதும் உண்டு. விற்பனையாளர் எப்போதும் மிக உயர்ந்த மதிப்பையே சொல்வார். விமானத்தில் ஏறாதவர் அதைக் கணக்கில் கொள்ளக் கூடாது. புள்ளிகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கும் அட்டைகள் உள்ளன. 500 ரூபாய்ப் புள்ளியை எடுக்க 117 ரூபாய் தருவது, நூற்றுக்கு 23 ரூபாய் தரகு கொடுப்பதற்குச் சமம்.

அதற்கடுத்து விலக்குகள். எரிபொருள், வீட்டு வாடகை, மின் கட்டணம், காப்பீட்டுத் தவணை, வரி உள்ளிட்ட அரசுக்குச் செலுத்தும் தொகை, மாதத் தவணையில் வாங்கிய பொருள், கைப்பேசிப் பணப்பையில் நிரப்பும் தொகை ஆகியவற்றில் பலவற்றுக்குப் பெரும்பாலான அட்டைகளில் புள்ளி கிடையாது. அல்லது மிகக் குறைவு. நடுத்தரக் குடும்பத்தின் செலவில் கணிசமான பகுதி இந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது என்பதை வங்கிகள் நம்மைவிட நன்றாக அறியும். பெட்ரோல் நிலையத்தில் 1 சதவீதக் கூடுதல் கட்டணம் தள்ளுபடி என்பார்கள்; கட்டணம் திரும்ப வரும், அதன்மீதான ஜிஎஸ்டி பெரும்பாலும் வராது.

எங்களைப் போன்ற ஓய்வூதியக் குடும்பம் ஒன்றின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதச் செலவு 30,000 ரூபாய் என்று கொள்வோம். மளிகை, காய்கறிக்கு 9,000, மருந்து 4,000, இணையவழி வாங்கும் பொருள்கள் 4,000, மின்சாரம், தொலைபேசி, சமையல் எரிவாயுவுக்கு 4,000, பெட்ரோல் 3,000, காப்பீட்டுத் தவணையின் மாதப் பங்கு 3,000, பிற 3,000. மின்சாரம் முதலிய கட்டணங்கள், பெட்ரோல், காப்பீடு ஆகிய மூன்றும் விலக்கு என்றால் புள்ளிக்குத் தகுதியானது 20,000 ரூபாய் மட்டுமே.

முதல் அட்டை இணையவழிச் செலவுக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 1 சதவீதம் தருகிறது. ஆண்டுக் கட்டணம் 499 ரூபாயும் ஜிஎஸ்டியும். இணையவழிச் செலவில் மாதம் 200 ரூபாய், மற்றதில் 160 ரூபாய், ஆண்டுக்கு 4,320. கட்டணம் 589 ரூபாயைக் கழித்தால் 3,731. இரண்டாவது, கட்டணமே இல்லாமல் எல்லாத் தகுதியான செலவுக்கும் 1.5 சதவீதம் தரும் எளிய அட்டை. மாதம் 300, ஆண்டுக்கு 3,600. மூன்றாவது, உயர்நிலை அட்டை; ஓய்வறை அனுமதி உண்டு, பளபளப்பான உலோக நிறம். ஆண்டுக் கட்டணம் 2,500 ரூபாயும் ஜிஎஸ்டியும். 150 ரூபாய்க்கு 4 புள்ளிகள், ஒரு புள்ளி 25 காசு. ஆண்டுக்குக் கிடைப்பது 1,600 ரூபாய், கட்டணமோ 2,950. கையை விட்டுப் போவது 1,350 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது, 5 சதவீதம் என்று முழங்கும் முதல் அட்டைக்கும் 1.5 சதவீதம் என்று அடக்கமாகச் சொல்லும் இரண்டாவது அட்டைக்கும் உள்ள வித்தியாசம் ஆண்டுக்கு 131 ரூபாய் என்பதே. இந்த 131 ரூபாய்க்காக எந்தச் செலவை எந்த அட்டையில் போடுவது என்று ஆண்டு முழுவதும் நினைவில் வைத்திருக்க வேண்டுமா என்பதை அவரவர் முடிவுசெய்யலாம். என் வயதுக்கு நான் இரண்டாவதையே தேர்ந்தெடுப்பேன். இணையவழியில் மாதம் 15,000 ரூபாய்க்கு வாங்கும் இளம் தம்பதிக்கு முதல் அட்டையே சிறந்தது. மாதம் இருமுறை அலுவலகப் பணிக்காகப் பறப்பவருக்கு மூன்றாவது அட்டையும் பொருந்தலாம். அடுத்த வீட்டுக்காரருக்கு நல்லதாக இருந்த அட்டை நமக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை. கடந்த மூன்று மாத வங்கி அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

மேற்கண்ட கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் அட்டை தேய்க்கும் கருவி இருக்க வேண்டுமே? சிற்றூர்களில் யுபிஐ பலகைதான் இருக்கும். 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கடன் அட்டையை மட்டும் யுபிஐ செயலியில் இணைத்து, வணிகரின் பலகையை வருடிப் பணம் செலுத்தலாம். சிறு கடைகளில் அதிகம் வாங்குபவர் அட்டையின் வகையைத் தேர்வு செய்யும்போது இதை எண்ணிப் பார்க்கலாம். மறுபுறம், நகைக் கடையிலும் மின்சாதனக் கடையிலும் "கார்டு என்றால் 2 சதவீதம் கூடுதல்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அங்கே 1 சதவீதப் புள்ளிக்காக அட்டையை நீட்டுவது அறியாமை.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும் ஒரு சொல். பல அட்டைகளில் அந்நியச் செலாவணிப் பரிவர்த்தனைக்கு 3.5 சதவீதக் கட்டணமும் அதன்மீது ஜிஎஸ்டியும் உண்டு, சேர்த்தால் 4.13 சதவீதம். சிங்கப்பூரிலோ நியூஜெர்சியிலோ கடையில் அட்டையைக் கொடுத்து 1 சதவீதப் புள்ளி பெறுபவர் 3 சதவீதத்துக்கு மேல் இழந்துகொண்டிருக்கிறார். இக்கட்டணம் குறைவாக உள்ள அட்டைகளும், அறவே இல்லாத சில அட்டைகளும் உள்ளன. பயணத்துக்கு முன் கேட்டறிய வேண்டியது அதைத்தான். ஏடிஎம் இயந்திரத்தில் கடன் அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுப்பதை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அடியோடு தவிர்க்க வேண்டும். எடுத்த நொடியிலிருந்து வட்டி, அதோடு தனிக் கட்டணம்.

புள்ளிகளின் மதிப்பைவிட, அவை நம் மனத்தில் செய்யும் வேலை பெரிது. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் கூடைப்பந்துப் போட்டி நுழைவுச் சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டனர். ரொக்கமாகத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட, அட்டையில் தரலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ஏறக்குறைய இரு மடங்கு விலை கேட்டார்கள். இந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. கையிலிருந்து தாள் குறைவதைக் கண் பார்க்காதபோது மனம் கணக்கை மறக்கிறது. அந்த 100 சதவீதத்துக்கு முன் நம் 1 சதவீதம் எம்மாத்திரம்?

கார் கழுவும் நிலையம் ஒன்றில் நூனெஸ், ட்ரெஸ் ஆகிய ஆய்வாளர்கள் நடத்திய சோதனையும் நினைவுகூரத் தக்கது. ஒரு பிரிவினருக்கு 8 முத்திரை பெற்றால் ஒருமுறை இலவசம் என்ற அட்டை. மற்றொரு பிரிவினருக்கு 10 முத்திரை வேண்டும். ஆனால் இரண்டு முத்திரைகள் முன்கூட்டியே குத்தப்பட்டிருந்தன. தேவையான முத்திரைகள் இரு பிரிவினருக்கும் எட்டே. முதல் பிரிவில் 19 சதவீதம் பேர் அட்டையை நிறைவு செய்தனர்; இரண்டாவதில் 34 சதவீதம் பேர். ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டோம் என்ற எண்ணம் நம்மை இழுத்துச் செல்கிறது. கடன் அட்டையின் வரவேற்புப் புள்ளிகளும், 'ஆண்டுக்கு 3 லட்சம் செலவழித்தால் கட்டணம் தள்ளுபடி' என்ற நிபந்தனையும் இதே கயிற்றால் நம்மைக் கட்டுகின்றன. மேலே சொன்ன ஓய்வூதியக் குடும்பம் மூன்றாவது அட்டையை எடுத்திருந்தால், தகுதியான செலவு ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். ஆண்டின் கடைசி மாதத்தில் "இன்னும் 60,000 ரூபாய் மட்டுமே" என்று குறுஞ்செய்தி வரும். 2,950 ரூபாயைக் காப்பாற்ற 60,000 ரூபாய்க்குப் பொருள் தேடிக் கடைக்குப் போன படித்த மனிதர்களை நான் அறிவேன்.

கையெழுத்திடும் முன் அறிய வேண்டிய உரிமைகள் சில உண்டு. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அவ்வாண்டு ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய நெறிகளின்படி, கேட்காத அட்டையை நமக்கு அனுப்பக் கூடாது. அனுப்பி, கட்டணமும் வசூலித்தால் அத்தொகையைத் திருப்பித் தருவதுடன், அதன் இரு மடங்கை அபராதமாக நமக்குத் தர வேண்டும். அட்டையை முடித்துக்கொள்ள விண்ணப்பித்தால், நிலுவை இல்லாத பட்சத்தில் 7 வேலை நாள்களுக்குள் மூட வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். கெடு நாள் கடந்து மூன்று நாள்களுக்கு மேல் ஆன பின்னரே தாமதக் கட்டணம் விதிக்கலாம். அதையும் செலுத்தாமல் விட்ட தொகையின்மீது மட்டுமே கணக்கிட வேண்டும். ஓய்வூதியம் அல்லது சம்பளம் வரும் நாளுக்கு ஏற்ப அறிக்கைத் தேதியை ஒருமுறையேனும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு நமக்கு உண்டு. இந்த ஒன்றைப் பயன்படுத்தினாலே தவறவிடும் கெடுக்கள் பாதி குறையும். வங்கியிடம் புகார் அளித்து 30 நாள்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஆனால், புள்ளியின் மதிப்பு நாளை குறையாது என்ற உத்தரவாதம் எந்த நெறியிலும் இல்லை. இன்று 50 காசாக உள்ள புள்ளி அடுத்த ஆண்டு 30 காசாகலாம். ஓய்வறை அனுமதிக்குப் புதிய செலவு நிபந்தனை வரலாம். கடந்த சில ஆண்டுகளில் பல வங்கிகள் இவ்வாறு சலுகைகளைச் சுருக்கிவிட்டன. எனவே புள்ளிகளைச் சேமிப்பாகக் கருதிச் சேர்த்து வைப்பது தவறு. அதற்கு வட்டி வராது, தேய்மானம் மட்டுமே உண்டு. முடிந்தால் புள்ளிக்குப் பதில் நேரடியாகப் பணத்தைக் கழித்துத் தரும் அட்டையைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது, மூன்று ஆண்டுப் புள்ளிகளைப் பறிகொடுத்த என் கருத்து.

என் மாணவரின் கணக்குக்குத் திரும்புகிறேன். 1,20,000 ரூபாய்க்கு மாத வட்டி 4,200. ஜிஎஸ்டி சேர்த்து 4,956. ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 ரூபாய். அவருடைய மனைவியின் நகையை அடகு வைத்து, ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டிய வட்டியில் வங்கியில் நகைக் கடன் வாங்கி மூன்று நிலுவைகளையும் அடைப்பது என்று முடிவாயிற்று. வட்டிச் சுமை ஆண்டுக்கு 12,000 ரூபாயாகச் சுருங்கியது. நகையைக் கேட்பது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. அதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்.

இரண்டு அட்டைகளை முடித்துக்கொள்ள அவர் எழுதிய கடிதத்தை அனுப்பும் முன், கணக்கை முடித்தால் புள்ளிகள் போய்விடக்கூடும் என்பதால் முதலில் அவற்றை எடுத்துவிடச் சொன்னேன். திறந்து பார்த்தபோது ஓர் அட்டையில் 11,340 புள்ளிகள் இருந்தன. தொகை பெரிதாக இருக்கும் என்று நம்பி அவர் முகம் மலர்ந்தது. ஒரு புள்ளி 20 காசு, 2,268 ரூபாய். அதில் மாற்றுக் கட்டணம் 117 ரூபாய் போக மிச்சத்தைக் கடைசி அறிக்கையில் கழித்துக்கொண்டார்.